கழிவறைப் பலகையும் கரண்ட் பில்லும்: டோரி தலைமைப் போட்டியில் யாருடைய கவலை பேசப்பட்டது?

ஹாரோ_வாசகன் | 3 நவம்பர் 2024, காலை 9.12

நேற்று கெமி பேடனாக் கன்சர்வேட்டிவ் (டோரி) கட்சித் தலைவரானார். அவருக்கு 53,806 வாக்கு, ராபர்ட் ஜென்ரிக்குக்கு 41,388. செய்தி முடிந்ததும் என் மனைவி கேட்டாள்: “மூணு மாசமா போட்டி நடந்துச்சே, நம்ம வீட்டு விஷயம் ஏதாவது அதுல வந்துச்சா?” உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த இழை.

எனக்கு 2022 கோடைதான் நினைவுக்கு வந்தது. ஜூலை 7 அன்று அப்போதைய டோரி பிரதமர் போரிஸ் ஜான்சன் விலகுவதாக அறிவித்தார். அந்த மாத விலைவாசி உயர்வு 10.1 சதவீதம், நாற்பது வருடத்தில் காணாதது. சராசரி வீட்டின் ஓராண்டு எரிவாயு, மின்சாரச் செலவுக்கு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் போட்ட உச்சவரம்புக் கணக்கு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு, 2022 ஏப்ரலில் 1,971. அக்டோபரிலிருந்து 3,549 என்று ஆகஸ்ட் 26 அன்று சொன்னார்கள். ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் அதே வாரங்களில் என்ன நடந்தது? ஜூலை 12 அன்று பேடனாக் பிரசாரம் தொடங்கிய கட்டடத்தில் இருபாலருக்கும் பொதுவான கழிவறைகளின் கதவுகளில் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று காகிதம் ஒட்டியிருந்தது செய்தியானது. எம்.பி.க்களின் முதல் சுற்று வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்த பென்னி மோர்டன்ட், திருநர் சட்டத்தில் முன்பு என்ன நிலை எடுத்தார் என்பதற்கே நாள்தோறும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜூலை 15 சேனல் 4 விவாதத்திலும் அதே கேள்வி. மாதக் கடைசியில் இன்னொரு போட்டியாளர் ரிஷி சுனக் அருண்டல் என்ற ஊரில் பேசினார். இடதுசாரிக் கிளர்ச்சிக்காரர்கள் நம் வரலாற்றையும் மரபையும் புல்டோசர் வைத்து இடிக்க விடலாமா என்று கேட்டார், 2010 சமத்துவச் சட்டத்தை மறுபரிசீலனை செய்வேன் என்றார்.

இதெல்லாம் யாருக்கும் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில், வேலையிடத்தில் அந்தக் கோடை எப்படி இருந்தது? டிவியில் பேசியதும் நீங்கள் பட்டதும் எங்காவது சந்தித்துக்கொண்டதா? அதைத்தான் கேட்கிறேன்.

---

குரொய்டன்_கடை | 3 நவம்பர் 2024, காலை 10.40

தம்பி, நான் இருபத்தாறு வருசமாக் கடை நடத்திறன். எங்கட கவுண்டரில பேபொயின்ற் மெசின் இருக்கு. பிரீபேமெண்ட் மீற்றர், அதாவது முதலே காசு போட்டாத் தான் எரியிற மீற்றர், வச்சிருக்கிற ஆக்கள் கரண்ட் கீயையும் காஸ் கார்டையும் கொண்டு வந்து காசு போடுவினம். எந்த வீட்டில கஷ்டம் எண்டது பேப்பரில வாறதுக்கு முதலே எனக்குத் தெரிஞ்சிடும்.

ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா, தனிய இருக்கிறா. ஒவ்வொரு வெள்ளியும் வருவா. 2022 தொடக்கத்தில கரண்டுக்குப் பத்துப் பவுண்ஸ் போட்டவா. பிறகு அஞ்சு. ஆவணி (ஆகஸ்ட்) மாசம் ஒருநாள் கையில சில்லறையா எண்ணி மூண்டு பவுண்ஸ் வச்சா. நான் ஒண்டும் கேக்கேல்லை. அவவாத் தான் சொன்னா: “பிரிட்ஜை இரவில நிப்பாட்டுறன், காலமை போடுறன்.” அந்த வெக்கையில பிரிட்ஜை நிப்பாட்டினா பால் என்னத்துக்கு ஆகும்? அண்டைக்குப் பிறகு அவ சின்னப் பால் போத்தல்தான் வாங்கினவா.

இன்னொண்டு ஆக்களுக்குத் தெரியாது. காசு போட்டவுடன முழுக்க லைற்றுக்குப் போறதில்லை. எரிச்சாலும் எரிக்காட்டியும் ஒவ்வொரு நாளும் விழுற கட்டணம் ஒண்டு இருக்கு. பழைய கடன் இருந்தா அதுக்கும் ஒரு பங்கு மீற்றர் எடுக்கும். மூண்டு பவுண்ஸ் போட்டா மூண்டு பவுண்ஸுக்கு எரியாது. அந்த ஐப்பசிக்கு (அக்டோபர்) சொன்ன கணக்கில சாதாரண வீட்டுக்கு 3,549 எண்டா பிரீபேமெண்ட் மீற்றர்காரருக்கு 3,608. ஏழை ஆளுக்குத் தான் கூட.

என்ர கடைக்கும் வருவம். வீடுகளுக்கெண்டாலும் ஒரு உச்சவரம்பு இருந்தது, கடைகளுக்கு அதுவும் இல்லை. மூண்டு ஃப்ரீசர், ரெண்டு பெரிய பிரிட்ஜ், ஒரு ஐஸ்கிறீம் பெட்டி. அந்த ஆவணியோட ஒப்பந்தம் முடிஞ்சுது. புதுசுக்குக் கேட்டா முந்தினதைவிட மூண்டரை மடங்கு சொன்னாங்கள். ஒரு ஃப்ரீசரை வித்தன். சிறு வியாபாரத்துக்கு என்ன செய்யப் போறியள் எண்டு ஆராவது கேப்பினம் எண்டு ஒவ்வொரு விவாதமும் பாத்தன். வரி குறைக்கிறம் எண்டவை. லாபம் வந்தாத் தானே ராசா வரி?

---

நீல_அட்டை | 3 நவம்பர் 2024, காலை 11.25

நான் கட்சி உறுப்பினன். 2022-ல் வாக்குரிமை இருந்த 1,72,437 பேரில் ஒருவன், நேற்று முடிந்ததில் 1,31,680 பேரில் ஒருவன். யாருக்குப் போட்டேன் என்பது என்னோடு இருக்கட்டும்.

ஹாரோ_வாசகன், நீங்கள் எழுதியதில் பாதி சரி. மீதியைப் பதிவு செய்யாவிட்டால் நியாயமாகாது. அன்றாட விஷயம் பேசப்படவே இல்லை என்பது உண்மையில்லை. ஜூலை 25 அன்று ஸ்டோக்கில் நடந்த பிபிசி விவாதத்தை மறுபடி பாருங்கள். கடன் வாங்கி வரியைக் குறைத்தால் வட்டி ஏறும், வீட்டுக் கடன் வைத்திருப்பவர்கள் தலையில் விழும் என்று சுனக் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசி இருவரில் மற்றவரான லிஸ் ட்ரஸ், சம்பளத்தில் பிடிக்கும் தேசியக் காப்பீட்டின் உயர்வை ரத்து செய்வேன், கம்பெனி வரியை 19 சதவீதத்திலிருந்து 25 ஆக்க மாட்டேன் என்றார். இரண்டும் வீட்டுக் கணக்குதான். ஆகஸ்ட் 31 அன்று வெம்பிளி கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். புதிய வரி கிடையாது என்று ட்ரஸ் சொன்னபோது எழுந்த கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. முடிவு ட்ரஸ் 81,326, சுனக் 60,399. கழிவறைப் பலகையை வைத்து வந்த முடிவு இல்லை அது.

அப்படியானால் பண்பாட்டுப் பேச்சு எதற்கு? போட்டி நடக்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். முதலில் எம்.பி.க்கள் மட்டும் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இரண்டு பேராகக் குறைக்கிறார்கள். நான்காவது சுற்றில் சுனக் 118, மோர்டன்ட் 92, ட்ரஸ் 86, பேடனாக் 59. பேடனாக் வெளியேறினார். அடுத்த நாள் சுனக் 137, ட்ரஸ் 113, மோர்டன்ட் 105. எட்டே எட்டு வாக்கில் மோர்டன்ட் போய்விட்டார். பேடனாக் பக்கம் நின்ற அந்த 59 எம்.பி.க்களை யார் இழுப்பது என்பதுதான் அந்த வாரத்து முழு அரசியலும். 59 பேரிடம் பேசிய பேச்சை நாடு முழுவதும் டிவியில் கேட்டது. ஆறரைக் கோடிப் பேருக்கு அது விநோதமாகப் பட்டதில் ஆச்சரியம் இல்லை.

---

மிடில்ஸ்பரோ_நர்ஸ் | 3 நவம்பர் 2024, பகல் 1.05

நைட் ட்யூட்டி முடிச்சுட்டு இப்பதான் எழுந்தேன். கடைக்கார அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு அந்த மூணு பவுண்டை விட்டு மனசு நகரவே இல்லை.

எங்க வார்டுல அந்தப் போட்டியை யாரும் பேசினதே கிடையாது. ஜூலை 19-ல எங்களுக்கு 1,400 பவுண்டு சம்பள உயர்வுன்னு அறிவிச்சாங்க. விலைவாசி ஏறின அளவுக்கு அது வரலை. அதை மட்டும் ரெண்டு நாள் பேசினாங்க. இங்கிலாந்துல மருத்துவமனை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் ஜூன் முடிவுல 67 லட்சத்தைத் தாண்டிடுச்சு, அதுவரைக்கும் அவ்வளவு இருந்ததே இல்லை. விவாதங்கள்ல அதுக்கு எத்தனை நிமிஷம் கிடைச்சுதுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க.

ஆனா ஒரே ஒரு நாள், ஆகஸ்ட் 2, பிரேக் ரூம்ல எல்லார் கையிலயும் போன். முந்தின நாள் ராத்திரி லிஸ் ட்ரஸ் தரப்பு ஒரு திட்டம் சொன்னாங்க. அரசு ஊழியர் சம்பளத்தை அந்தந்த ஊர் வாழ்க்கைச் செலவுக்குத் தகுந்தமாதிரி வைக்கிறது, அதுல 880 கோடி பவுண்டு மிச்சம். அவ்வளவு பணம் சிவில் சர்வீஸ்ல மட்டும் மிச்சமாகாது. நர்ஸ், டீச்சர், போலீஸ் எல்லாரையும் சேர்த்தாத்தான் அந்தக் கணக்கு வரும். எங்களுக்கு லண்டனையும் அதை ஒட்டின பகுதிகளையும் தவிர இங்கிலாந்து பூரா ஒரே சம்பளம். அதை உடைச்சா மிடில்ஸ்பரோ நர்ஸுக்குக் குறைவு, சர்ரே நர்ஸுக்கு அதிகம். என்கூட வேலை பார்க்கிற ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் பழைய பே ஸ்லிப்பின் பின்பக்கம் பேனாவால கழிச்சுப் பார்த்துட்டிருந்தா. வாடகை, குழந்தை காப்பகம், கார் பெட்ரோல். அவ அரசியலே பேசாதவ.

மத்தியானத்துக்குள்ள திட்டத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. டீஸ் வேலி மேயர் பென் ஹௌச்சென், அவரும் அதே கட்சிதான், வெளிப்படையா எதிர்த்தார். நான் சொல்ல வர்றது இதுதான்: அந்த முழுப் போட்டியிலயும் ஒரே நாள்ல பின்வாங்க வச்சது சம்பளம். சிலை, வரலாறு, புல்டோசர்னு பேசின எதையும் யாரும் வாபஸ் வாங்க வேண்டி வரலை. அதுல எண்ணே கிடையாது, தப்புன்னு கழிச்சுக் காட்ட முடியாது. சம்பளத்துல கை வச்சா மறுநாளே பே ஸ்லிப்பைத் தூக்கிட்டு ஆள் வந்துடும்.

---

லெஸ்டர்_அம்மா | 3 நவம்பர் 2024, பகல் 2.30

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

என் பிள்ளை திருநர். அப்போது பதினாறு வயது. உங்களில் பலருக்கு அது டிவி விவாதம், எங்களுக்கு அது வீட்டு விஷயம். சேனல் 4 விவாதத்தை நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். பெண் என்றால் யார் என்ற அந்தப் பகுதி வந்ததும் என் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டது. அந்தத் தட்டில் பாதி இட்லி அப்படியே இருந்ததைக் குப்பையில் போட்டிருந்தது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அதனால் “இதெல்லாம் திசைதிருப்பல், கரண்ட் பில்தான் நிஜம்” என்று யாராவது எழுதினால் எனக்கு வலிக்கும். எங்களுக்கு இரண்டுமே நிஜம். எங்கள் வீட்டுக்கும் அதே பில்தான் வந்தது.

ஆனால் அவர்கள் பேசியது என் பிள்ளைக்காகவும் இல்லை. மேடையில் நின்ற யாருமே இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்கிறாள் என்று யோசித்துப் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வாழ்க்கையை எடுத்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

---

ஹாரோ_வாசகன் | 3 நவம்பர் 2024, பகல் 2.55

அம்மா, எழுதியதற்கு நன்றி. என் முதல் பதிவில் ‘பலகை’ என்று சுருக்கமாக எழுதிய விதம் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். தலைப்பை நெறியாளர் மாற்ற விரும்பினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நீங்கள் சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். திருநர் பிள்ளைகள் போகும் டாவிஸ்டாக் பாலின அடையாள சேவையை மூடி வட்டார மையங்களாகப் பிரிக்கப் போவதாக அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். அறிவித்தது 2022 ஜூலை 28 அன்று. போட்டியின் நட்டநடுவில். அங்கே காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். புதிய மையங்கள் எப்போது திறக்கும், அதுவரை அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்பதெல்லாம் ஒரு பிரதமர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். அடுத்த நாள்களில் நடந்த பேச்சு அருண்டல் பேச்சு.

---

ரீடிங்_டீச்சர் | 3 நவம்பர் 2024, மாலை 4.10

மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன், லெஸ்டர் அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. உடை மாற்றும் அறை, வெளியூர் முகாமில் யார் எந்த அறையில் தூங்குவது, பெற்றோருக்கு என்ன சொல்வது, இதெல்லாம் என் திங்கட்கிழமைக் காலை வேலை. பெண் பிள்ளைகளுக்குத் தனியிடம் வேண்டும் என்று நினைக்கிறேன். அதைச் சொன்னதற்காக என்னை வெறுப்பாளி என்று கூப்பிட்டவர்கள் உண்டு. அதனால் 2022-ல் தலைவர்கள் இதைப் பேசியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

என்ன கிடைத்தது? பள்ளிகளுக்கான வழிகாட்டுதல் வந்தது 2023 டிசம்பர் 19 அன்று, அதுவும் வரைவு. அந்தப் போட்டி முடிந்து பதினைந்து மாதம். அதற்குள் இரண்டு பிரதமர், கல்வி அமைச்சர்களும் மாறினார்கள். வரைவு இறுதி வடிவம் பெறுவதற்குள் தேர்தலே வந்துவிட்டது. இன்றும் முகாம் பட்டியல் போடும்போது நானும் தலைமை ஆசிரியரும் எங்கள் புத்திக்கு எட்டியதைத்தான் செய்கிறோம். உங்கள் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை எங்கள் பள்ளியில் இருந்தால், அக்கா, அந்தப் பிள்ளையை மதித்து நடத்தவும் மற்றப் பெண் பிள்ளைகளைக் கைவிடாமல் இருக்கவும் எனக்குத் தெளிவான ஒரு விதி வேண்டும். இன்னொரு அறை கட்டப் பணம் வேண்டும். எங்கள் பள்ளிக் கூரையே மழைக்கு ஒழுகுகிறது.

எனக்காகப் பேசுகிறோம் என்றவர்கள் எனக்கும் எதையும் தரவில்லை.

---

லெஸ்டர்_அம்மா | 3 நவம்பர் 2024, மாலை 4.32

தப்பாக எடுக்கவில்லை. நாம் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அந்த முகாம் பட்டியலை முடித்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இன்னொரு அறை என்று எழுதினீர்களே, அதைப் படித்து அழுதுவிட்டேன்.

---

கிழக்கு_லண்டன் | 3 நவம்பர் 2024, மாலை 5.20

வானிலையை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி. பிரிட்டனில் அளந்ததிலேயே அதிகம். அன்று எங்கள் பக்கத்தில் வென்னிங்டன் கிராமத்தில் வீடுகள் எரிந்தன. எங்கள் பால்கனியிலிருந்து புகை தெரிந்தது. அன்றுதான் எம்.பி.க்களின் நான்காவது சுற்று. அன்று இரவு நடக்க வேண்டிய ஸ்கை விவாதத்துக்கு சுனக்கும் ட்ரஸ்ஸும் வர மறுத்ததால் அது ரத்து. எரிந்த வீட்டுக்காரர்கள் கேட்க நினைத்ததைக் கேட்க ஒரு மேடைகூட அன்று இல்லை.

---

நீல_அட்டை | 3 நவம்பர் 2024, மாலை 6.45

மிடில்ஸ்பரோ அக்கா சொன்ன பே ஸ்லிப் விஷயத்தை மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் இல்லை. எங்கள் கிளைக் கூட்டத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆள் அந்த அறையில் இல்லை. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், வீட்டுக் கடனைக் கட்டி முடித்தவர்கள். நல்ல மனிதர்கள், என்னை அன்பாக நடத்துபவர்கள். பிரீபேமெண்ட் மீட்டர் கீயைக் கையில் பிடித்துப் பார்த்தவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். நானும் பிடித்ததில்லை.

நான் காலையில் வரியையும் வட்டியையும் சொல்லி, அன்றாட விஷயம் பேசப்பட்டது என்று வாதாடினேன். அது யாருடைய அன்றாடம் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். வரி குறைந்தால் மிச்சப்படும் அளவுக்கு வருமானம் உள்ளவனின் அன்றாடம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ட்ரஸ், கைநீட்டிக் கொடுக்கும் உதவி வேண்டாம், வரிச் சுமையைக் குறைப்பதே வழி என்று பேட்டி கொடுத்தார். பிரதமராகி மூன்றாவது நாளே, செப்டம்பர் 8 அன்று, சராசரி வீட்டுக் கட்டணத்தை 2,500 பவுண்டில் நிறுத்தும் மிகப் பெரிய அரசு உதவியை அறிவித்தார். சிவம் அண்ணன் மாதிரிக் கடைக்காரர்களுக்கான உதவி செப்டம்பர் 21-ல் வந்தது. இரண்டையும் செய்தே ஆக வேண்டும் என்பது ஜூலையிலேயே தெரிந்த விஷயம். எட்டு வாரம் மேடையில் இதை ஆற அமரப் பேசியிருந்தால் யாருக்கு எவ்வளவு, பணம் எங்கிருந்து என்ற கேள்விகள் அலசப்பட்டிருக்கும். பேசாமல் வந்ததால், செப்டம்பர் 23 மினி பட்ஜெட் அதன்மேல் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பையும் ஏற்றியது. மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 28-ம் தேதி கடன் சந்தையில் இறங்க வேண்டியதாயிற்று, இரண்டாண்டு வீட்டுக் கடன் வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது, அக்டோபர் 20 அன்று ட்ரஸ் விலகல்.

திருத்தம்: கடைக்கார அண்ணனை வேறு இழையில் எழுதும் ஒருவரோடு குழப்பி ‘சிவம் அண்ணன்’ என்று எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

---

ஹாரோ_வாசகன் | 3 நவம்பர் 2024, இரவு 7.30

நேர்மையான பதிவு. அப்படியே இந்த வருடத்துக்கு வருவோம். செப்டம்பர் 29 அன்று, பர்மிங்ஹாமில் கட்சி மாநாடு தொடங்கிய நாள், பேடனாக் ஒரு வானொலிப் பேட்டியில் மகப்பேற்று ஊதியம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்ற பொருளில் பேசினார். அதே வார இறுதியில் எல்லாப் பண்பாடுகளும் சமமல்ல என்றும் எழுதியிருந்தார். எது அவரை விளக்கம் சொல்ல ஓட வைத்தது? மகப்பேறுதான். போட்டியாளர்களே அதைப் பிடித்துக்கொண்டார்கள், தான் சொன்னது திரிக்கப்பட்டது என்று அவர் விளக்க வேண்டி வந்தது.

சட்டப்படியான மகப்பேற்று ஊதியம் முதல் ஆறு வாரம் சம்பளத்தில் 90 சதவீதம், அதன்பின் 33 வாரம், 2024-25 கணக்கில், அதிகபட்சம் வாரத்துக்கு 184 பவுண்டு 3 பென்ஸ். என் மகள் இப்போது அந்த 184-ல்தான் இருக்கிறாள். லண்டனில் ஒரு அறை வாடகைக்கே அது போதாது. நர்ஸ் அக்கா சொன்னது மறுபடி நடந்தது பார்த்தீர்களா, எண் இருக்கிற இடத்தில்தான் பேச்சு கேள்விக்கு உள்ளாகிறது.

---

குரொய்டன்_கடை | 3 நவம்பர் 2024, இரவு 8.50

கடை பூட்ட முதல் எழுதிறன். பேரை மாத்திக் கூப்பிட்டதுக்குக் கோபம் இல்லைத் தம்பி.

பண்பாடு எண்டு அவை கதைக்கிறது எங்களுக்குத் தூரத்து விசயம் எண்டு நினைக்காதேங்கோ. இந்த வருசம் சவுத்போர்ட்டில அந்த மூண்டு சின்னப் பிள்ளையளைக் கத்தியால குத்திக் கொலை செய்ததுக்குப் பிறகு, செய்தவன் குடியேறி வந்தவன் எண்டு பொய்க் கதை பரவி, ஊர் ஊரா அடிச்சு உடைச்சவங்கள். ஆவணி (ஆகஸ்ட்) 7, புதன்கிழமை, எங்கெங்க வரப்போறாங்கள் எண்டு ஒரு பட்டியல் போனில சுத்தினது. என்ர மனிசி நாலு தரம் போன் எடுத்தவா. பின்னேரம் நாலு மணிக்கே ஷட்டரை இழுத்தன். இருபத்தாறு வருசத்தில பகல் வெளிச்சத்தில பூட்டினது கோவிட் காலத்தை விட்டா அண்டைக்குத் தான். வேலைக்கு நிக்கிற பெடியனை நானே காரில கொண்டு போய் விட்டன்.

அண்டைக்கும் போட்டி நடந்துகொண்டுதான் இருந்தது, ஆறு பேர் நிண்டவை. அதுக்குப் பிறகு புரட்டாதியில (செப்டம்பர்) ஆர் இந்த நாட்டுக்குச் சேர்ந்தவை, ஆர் இல்லை எண்ட மாதிரிக் கதை வரேக்க, என்ர கண்ணுக்குத் தெரிஞ்சது அந்த ஷட்டர்தான். குடிவரவைப் பற்றிக் கதைக்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. விசா எத்தினை, வீடு எத்தினை எண்டு கணக்கோட கதைக்கட்டும், கேப்பன். பண்பாட்டில ஆர் மேல ஆர் கீழ எண்டு மைக்கில சொன்னா, அது கடைசியில எங்கட கடைக் கண்ணாடியில வந்து நிக்கும்.

---

நெறியாளர் | 3 நவம்பர் 2024, இரவு 9.15

தலைப்பு இப்படியே இருக்கட்டும். இடையில் வந்த இரண்டு பதிவுகள் லெஸ்டர்_அம்மாவின் பிள்ளையைப் பற்றித் தனிப்பட்ட முறையில் எழுதியிருந்தன. நீக்கியிருக்கிறேன். அப்படி எழுதுபவர்களுக்கு இங்கே இடமில்லை.

---

மிடில்ஸ்பரோ_நர்ஸ் | 4 நவம்பர் 2024, காலை 8.20

அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்த வெள்ளிக்கிழமை அம்மா இப்ப எப்படி இருக்காங்க? அரசு எல்லா வீட்டுக்கும் தந்த 400 பவுண்டாவது அவங்களுக்கு வந்துச்சா?

---

குரொய்டன்_கடை | 4 நவம்பர் 2024, காலை 11.35

வந்தது பிள்ளை. ஆனா பழைய மீற்றர் ஆக்களுக்கு அது தன்ரபாட்டில பில்லில கழியேல்லை. மாசம் 66, 67 பவுண்ஸ் எண்டு ஆறு வவுச்சர் கடிதத்தில வந்தது. அதைக் கொண்டு வந்து கடையில மெசினில போடோணும். விளம்பரக் கடிதம் எண்டு நினைச்சுக் குப்பையில போட்ட ஆக்கள் கன பேர். மூண்டு மாசத்தில காலாவதி. திரும்பவும் போன் பண்ணிக் கேட்டு எடுக்கோணும்.

அவ முதல் ரெண்டையும் வாசல் கதவடியில கட்டா வச்சிருந்தவா, என்னெண்டு தெரியாம. மார்கழியில ஒருநாள் வெறுங்கையோட வந்து, “இண்டைக்கு ஒண்டும் போடேல்லை, கொஞ்ச நேரம் நிக்கட்டோ, இங்க சூடா இருக்கு” எண்டா. கதவடியில ஏதும் கடிதம் கிடக்கோ எண்டு நான் அப்பதான் கேட்டன். போய்க் கொண்டு வந்தா. ரெண்டையும் போட 132 பவுண்ஸ் ஏறினது. ரசீதை ரெண்டு தரம் வாசிச்சவா.

இப்பவும் வெள்ளிக்கிழமையில வாறவா. இந்த 2024-ல முதியவர்களுக்கான குளிர்கால எரிபொருள் காசை லேபர் அரசாங்கம் வெட்டினதால அவவுக்கு அது வராது எண்டு எங்கயோ சொல்லிப்போட்டினமாம். பென்சன் கிரெடிற், அதாவது வருமானம் குறைஞ்ச முதியவர்களுக்கான உதவி, அது மாதிரி ஏதும் கிடைக்கிற ஆக்களுக்குத் தான் இந்த 2024 குளிருக்கு அந்தக் காசு வரும். அவ பென்சன் கிரெடிற்றுக்கு விண்ணப்பிச்சதே இல்லை. படிவத்தை நேற்று மகள் பிரிண்ட் எடுத்துத் தந்தவள், கவுண்டருக்குக் கீழ வச்சிருக்கிறன். வாற வெள்ளி ரெண்டு பேருமா நிரப்புவம்.